ஒரு முடி, இரண்டு போலராய்டு தாள், பல உலகங்கள்

தோட்டப் பட்டணத்தில் இந்தப் பேச்சு பெரும்பாலும் நம்பர் கடை (நாலு இலக்க லாட்டரிக் கடை) வாசலில்தான் தொடங்கும். அண்ணன் எடுத்தது 4682, வந்தது 4628. "விடுங்கண்ணே, வேற ஒரு உலகத்துல உங்களுக்கு அடிச்சிருக்கும்" என்று யூடியூப் பார்த்த பையன் ஒருவன் ஆறுதல் சொல்வான். "அந்த உலகத்துக்கு எந்த பஸ்ஸுடா போகுது?" என்பார் அண்ணன். கேலியாகக் கேட்டாலும் கேள்வி சரியானது. பஸ் எதுவும் போகாது. ஏன் போகாது என்று சொல்லத் தெரிந்துவிட்டால், குவாண்டம் இயற்பியலின் பல உலகக் கொள்கையில் பாதிக்கு மேல் புரிந்த மாதிரி.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். வானியலில் பேசப்படும் பல அண்டங்கள் வேறு சங்கதி. அவை நம் தொலைநோக்கிக்கு எட்டாத தூரத்தில் இருக்கக்கூடிய வெளிகள். கோயில் திண்ணையில் பெரியவர்கள் சொல்லும் ஈரேழு பதினாலு உலகமும் அந்த வகைதான்: மேலே ஏழு, கீழே ஏழு என்று இடம் பிரித்துக் கொடுத்தது. குவாண்டம் சொல்வது இடத்தால் பிரிந்த உலகங்களை அல்ல. அதே சுங்கை சிப்புட், அதே கடைத்தெரு, அதே நாற்காலி. ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றை ஒன்று தொட முடியாமல். வாயால் சொன்னால் மந்திரம் போலக் கேட்கும். ஆகவே முதலில் வீட்டுச் சுவரில் பார்த்துவிடுவோம்.

சுவரில் விழும் வரிகள்

பாசார் மாலாமில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் சிவப்பு லேசர் பேனா, தலைமுடி ஒன்று, பழைய காலண்டர் அட்டை, செலோடேப், துணிக் கிளிப் இரண்டு. இவ்வளவு போதும். 4 மீட்டர் நீளத்துக்கு இருட்டு வேண்டும். லயத்து வீட்டு முன்னறை பற்றாவிட்டால் வாசற்கதவிலிருந்து குசினிச் சுவர் வரை நேராகப் பிடித்துக்கொள்ளலாம்.

அட்டையில் 50 சென் காசு அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டுங்கள். முடியை ஓட்டைக்குக் குறுக்கே மேலிருந்து கீழாக இழுத்து, இரு முனையிலும் டேப் ஒட்டுங்கள். அட்டையை ஒரு கிளிப்பில் நிறுத்துங்கள். லேசர் பேனாவின் பொத்தானை இன்னொரு கிளிப்பால் அழுத்தி, புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வையுங்கள். ஒளி முடியின்மேல் நேராக விழ வேண்டும். சரியாக விழுந்ததும், சுவரில் இருந்த ஒற்றைப் புள்ளிக்கு இரு பக்கமும் சிவப்புக் கீற்றுகள் வரிசையாக விரியும். கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவே இருட்டு.

வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முடி தளர்ந்திருக்கும், விறைப்பாக இழுக்காவிட்டால் வரிகள் மங்கிப்போகும். அல்லது ஒளி முடியைத் தொடாமல் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். அட்டையை அரை மில்லிமீட்டர் அளவில் நகர்த்தித் தேட வேண்டும், கையால் பிடித்துக்கொண்டு செய்ய முடியாது. மூன்றாவது, காற்றாடி. அதை நிறுத்துங்கள். இன்னொன்று: பச்சை லேசர் வேண்டாம். மலிவான பச்சைப் பேனாக்களில் ஒட்டியிருக்கும் அளவுக்கும் உள்ளே இருக்கும் வலுவுக்கும் சம்பந்தம் இல்லாமல் இருப்பது உண்டு. 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட சிவப்பு போதும், அதையும் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது. எதிர்ச்சுவரில் கண்ணாடி மாட்டியிருந்தால் கழற்றி வையுங்கள்.

இப்போது கணக்கு. சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர், அதாவது 0.00065 மில்லிமீட்டர். சுவர் 4,000 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டையும் பெருக்கி முடியின் தடிமனால் வகுத்தால், ஓர் இருட்டுக்கும் அடுத்த இருட்டுக்கும் உள்ள தூரம் வரும். முடி 0.075 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். திருப்பியும் போடலாம்: சுவரில் அளந்து உங்கள் முடியின் தடிமனைக் கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கத்திலேயே நாலைந்து இடைவெளியைச் சேர்த்து அளந்து வகுத்தால் பிழை குறையும். நடுப்புள்ளியைக் கடந்து அளக்காதீர்கள். அதற்கு இரு புறமும் உள்ள முதல் இருட்டுகளுக்கு இடையே மட்டும் இரட்டைத் தூரம் இருக்கும்.

இருட்டு எதனால் வந்தது? முடியின் இடப்பக்கமாகப் போன ஒளியும் வலப்பக்கமாகப் போன ஒளியும் சுவரில் சந்திக்கின்றன. மழைத்தண்ணீர் தேங்கிய செம்மண் குழியில் இரண்டு கல்லைப் போட்டால் மேடும் மேடும் சேரும் இடத்தில் அலை உயரும், மேடும் பள்ளமும் சேரும் இடத்தில் தண்ணீர் சும்மா கிடக்கும். அதே கதைதான். படிவம் 4 இயற்பியலில் 'பெம்பெலாவான்', 'இன்டர்ஃபெரன்ஸ்' என்று மலாயில் படித்தவர்களுக்கு இதுவரை புதிதாக எதுவும் இல்லை.

புதிது இனிமேல்தான். ஒளி என்பது ஃபோட்டான் என்ற தனித்தனி மணிகளாக வருகிறது. 1 மில்லிவாட் சிவப்பு லேசர் வினாடிக்கு ஏறத்தாழ 33 கோடி கோடி ஃபோட்டான்களை அனுப்புகிறது. பேனாவுக்கும் சுவருக்கும் நடுவே, எந்த நொடியில் பார்த்தாலும், 4 கோடிக்கு மேல் பறந்துகொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு வரிகள் வந்திருக்கலாமே என்று தோன்றும். தோன்ற வேண்டும். ஜெஃப்ரி டெய்லர் 1909இல் கேம்பிரிட்ஜில் இதைத்தான் சோதித்தார். முடிக்குப் பதிலாக ஊசி, லேசருக்குப் பதிலாகச் சிறு எரிவாயுச் சுடர். புகையேற்றிய கண்ணாடிகளைப் போட்டு, பெட்டிக்குள் ஒரு நேரத்தில் ஒன்றுகூடத் தேறாது என்னும் அளவுக்கு ஒளியை மங்கலாக்கினார். ஒரு படம் பதிய ஏறக்குறைய 2,000 மணி நேரம், மூன்று மாதம் பிடித்தது. ஊசி நிழலின் வரிகள் அப்படியே இருந்தன. 1989இல் ஜப்பானில் அகிரா டொனொமுராவின் குழு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தது. முதலில் திரையில் கண்டபடி புள்ளிகள், அவை ஆயிரக்கணக்கில் சேரச் சேர வரிகள்.

தனியாக வந்த ஒன்று, இடித்துக்கொள்ள யாரும் இல்லாதபோது, இருட்டுப் பட்டையை மட்டும் எப்படித் தவிர்த்தது? இடப்பக்கம் போகும் நிலையும் வலப்பக்கம் போகும் நிலையும் அந்த ஒன்றுக்கே சேர்ந்து இருந்தன என்பதுதான் கணக்கு சொல்லும் பதில். இதற்கு மேற்பொருந்தல் என்று பெயர். 'எது என்று நமக்குத் தெரியாது' என்பது இதன் பொருள் அல்ல. தெரியாமை மட்டும் என்றால் இருட்டுப் பட்டை வராது.

குறி வைத்தால் வரி போய்விடும்

அடுத்ததற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் முழுக் கொள்கையும் இதற்குள்தான் இருக்கிறது. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலராய்டு தாள் தேவை. செத்துப்போன கால்குலேட்டரின் திரைக் கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் தாள் அதுதான். ஹேர் டிரையரால் சூடாக்கி மெல்ல உரிக்கலாம். பசை மிச்சம் இருந்தால் ஒளி சிதறி எல்லாம் பாழாகும், துடைத்துவிடுங்கள். முப்பரிமாணப் படக் கண்ணாடியைப் பிய்த்து இதைச் செய்யப் போய்த் தோற்பவர்கள் நிறையப் பேர். தியேட்டர்களில் தரும் கண்ணாடிகளில் பல சுழல்முறையில் வேலை செய்பவை, இதற்கு ஒத்துவராது. சோதனை எளிது: இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கால் வட்டம் திருப்புங்கள். நன்றாகக் கறுத்தால் சரியான தாள்.

முடிக்குப் பதில் மின்கம்பியின் உள்ளே இருக்கும் செம்பு இழை ஒன்றை உருவிக்கொள்ளுங்கள், 0.15 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். கொஞ்சம் தடிமன் இருந்தால் தாள்கள் சேரும் இடத்தை மறைக்கும். தாளை இரண்டாக வெட்டி ஒன்றை நேராகவும் மற்றதைக் கால் வட்டம் திருப்பியும் விளிம்போடு விளிம்பாக ஒட்டுங்கள். சேரும் கோட்டின்மேல் இழை வர வேண்டும். இப்போது இடப்பக்கம் போகும் ஒளியில் ஒரு குறி, வலப்பக்கம் போகும் ஒளியில் வேறு குறி. சுவரைப் பாருங்கள். இருட்டு இடைவெளிகள் போய், வெறும் சிவப்புத் தீற்றல்தான் இருக்கும். வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தாள்கள் விழுங்கினாலும் மிச்சம் வந்துகொண்டுதான் இருக்கிறது, வரிகளைத்தான் காணோம்.

ஒரு பக்கம் இருட்டாகவே கிடந்தால் பிழை தாளில் இல்லை. லேசர் பேனாவின் ஒளி ஏற்கெனவே ஒரு திசையில் அதிர்ந்துகொண்டு வருவது வழக்கம். பேனாவை அதன் அச்சில் உருட்டி, இரண்டு தாளும் சமமாக வெளிச்சம் விடும் நிலையில் நிறுத்துங்கள்.

அடுத்து மூன்றாவது தாள் ஒன்றை இழைக்கும் சுவருக்கும் நடுவே, இரண்டு குறிக்கும் பாதிச் சாய்வில், அதாவது 45 பாகையில் பிடியுங்கள். வரிகள் திரும்பி வந்துவிடும். எதிர்ப்பக்கமாகச் சாய்த்தாலும் வரும், ஆனால் முன்பு இருட்டாக இருந்த இடத்தில் வெளிச்சம். இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் பழைய தீற்றல். வரிகள் அழியவே இல்லை, இரண்டு தொகுதியாக ஒளிந்திருந்தன.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். கோடி கோடியாக ஒளி வரும் வீட்டுச் சோதனையை, அலை என்ற பழைய இயற்பியலை வைத்தே விளக்கிவிடலாம். ஒற்றை ஃபோட்டானை வைத்து ஆய்வுக்கூடங்களில் செய்தாலும் இதே விடை வருகிறது என்பதுதான் குவாண்டம் செய்தி. எந்த வழியில் போனது என்ற தகவல் உலகில் எங்காவது பதிந்துவிட்டால் வரிகள் மறையும். அந்தப் பதிவை முற்றாக அழிக்க முடிந்தால் அவை மீளும். மனிதர் யாரும் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'மனம் பார்த்தால் பொருள் மாறும்' என்று வகுப்பு எடுத்துக் காசு பார்ப்பவர்கள் இந்த இடத்தைத்தான் வசதியாகத் தாண்டிப் போகிறார்கள்.

எவரெட் எதைச் சேர்த்தார்?

பல உலகக் கொள்கையைக் கொடுத்த ஹியூ எவரெட் எதையும் சேர்க்கவில்லை. ஒன்றை நீக்கினார்.

1926இல் எர்வின் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாடு, மேற்பொருந்திய நிலை நேரம் போகப் போக எப்படி மாறும் என்று சொல்கிறது. அதில் திடீர்த் தாவல் கிடையாது. இடம் என்றால் இடத்துக்கான தொடர்ச்சி, வலம் என்றால் வலத்துக்கான தொடர்ச்சி, இரண்டும் என்றால் இரண்டின் தொடர்ச்சியும். ஆனால் திரையில் நாம் காண்பது ஒரு புள்ளிதான். அதனால், 'அளக்கும் வரை சமன்பாடு, அளந்ததும் ஒன்று மட்டும் மிஞ்சும், மற்றது மறையும்' என்று இரண்டாவது விதியை ஒட்டவைத்தார்கள். எது மிஞ்சும் என்பதற்கான வாய்ப்புக் கணக்கை மாக்ஸ் போர்ன் அதே 1926இல் கொடுத்தார். இரண்டு விதிகளையும் அருகருகே தெளிவாக எழுதி வைத்தவர் 1932இல் ஜான் ஃபான் நியூமன்.

வேலை நடந்தது. இன்றுவரை நடக்கிறது. ஆனால் 'அளத்தல்' என்றால் என்ன? கருவியும் அணுக்களால் ஆனதுதான், அதைப் பார்க்கும் ஆளும் அப்படித்தான். அணுவுக்கு ஒரு சட்டம், அணுக்கூட்டத்துக்கு ஒரு சட்டம் என்றால் எல்லைக்கல்லை எங்கே நடுவது? ஷ்ரோடிங்கர் 1935இல் பெட்டிக்குள் பூனையை அடைத்தது இந்தச் சங்கடத்தைக் காட்டத்தான். பூனை பாதி செத்திருக்கும் என்று நம்பி அல்ல.

பிரின்ஸ்டனில் ஆய்வு மாணவராக இருந்த ஹியூ எவரெட், இரண்டாவது விதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார். கருவியையும் ஆளையும் அதே சமன்பாட்டுக்குள் போடுங்கள். ஃபோட்டான் இடம் என்றால் முள் இடப்பக்கம் சாயும், பார்த்தவர் 'இடம்' என்று எழுதுவார். வலம் என்றால் முள் வலம், எழுத்தும் வலம். இரண்டும் சேர்ந்த நிலையில் அனுப்பினால், சமன்பாடு தருவது இரண்டு வரிசையின் கூட்டுத்தொகை: இடம்-முள் இடம்-எழுதியது இடம், அதோடு, வலம்-முள் வலம்-எழுதியது வலம். ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரே விடையைத்தான் பார்த்தார், அரைகுறையாக எதையும் பார்க்கவில்லை. இந்த வரிசைகளைத்தான் பிற்பாடு 'உலகம்' என்று சொல்லத் தொடங்கினார்கள். யாரோ வந்து உலகங்களை உண்டாக்கி அடுக்கவில்லை. சமன்பாட்டில் ஏற்கெனவே இருந்ததை அழிக்காமல் விட்டதுதான் நடந்தது.

1957இல் கட்டுரை வெளிவந்தது. வழிகாட்டி ஜான் வீலர் சொற்படி நிறையச் சுருக்கப்பட்ட வடிவம் அது. எவரெட் அதற்கு முன்பே கல்வித்துறையை விட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு வேலைக்குப் போயிருந்தார். 1959இல் கோபன்ஹேகனுக்குப் போய் குவாண்டம் இயற்பியலின் முன்னோடி நீல்ஸ் போரைச் சந்தித்தும் பயன் இல்லை. 1970இல் பிரைஸ் டிவிட் இயற்பியல் இதழ் ஒன்றில் எழுதிய பிறகுதான் 'பல உலகங்கள்' என்ற பெயரோடு இது பரவியது. எவரெட் 1982இல், 51 வயதில் காலமானார்.

ஏன் பஸ் போகாது

சரி, அந்த இன்னொரு வரிசை அங்கே இருக்கிறது என்றால் நமக்கு ஏன் எட்டவில்லை?

மூன்றாவது தாளை நினைத்துப் பாருங்கள். குறி ஒரே இடத்தில் இருந்தது, அதனால் ஒரு தாளால் அழிக்க முடிந்தது. லயத்தில் ஒருவர் காதில் மட்டும் சொன்ன சேதியை, 'சும்மா சொன்னேன், விடு' என்று திரும்ப வாங்கிவிடலாம். விடிகாலை பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில்) மண்டோர், அதாவது கங்காணி, பெயர் கூப்பிடும் நேரத்தில் அது நாலு பேர் காதில் விழுந்துவிட்டால்? அது அவர்களோடு நிரைக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போய், மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக்கும் போய்விடும். திரும்ப வாங்க வேண்டுமானால் கேட்ட ஒவ்வொருவர் மனத்திலிருந்தும், அவர்கள் சொன்னவர்கள் மனத்திலிருந்தும், ஒரு சொல் மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும்.

கருவி முள் இடமா வலமா என்ற சேதி அப்படித்தான் பரவுகிறது. நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.5 இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. முள்ளில் மோதித் திரும்பும் ஒவ்வொன்றும் 'முள் இங்கே இருந்தது' என்ற குறியை எடுத்துக்கொண்டு போகிறது. அறை வெளிச்சமும் எடுத்துக்கொண்டு போகிறது, சுவரின் வெப்பமும் எடுத்துக்கொண்டு போகிறது. நாம் கண்ணிமைக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். இதற்கு ஒத்திசைவு இழப்பு என்று பெயர். 1970இல் ஜெர்மனியின் டீட்டர் சே தொடங்கிவைத்ததை, 1980களில் வொய்சேக் சூரெக் விரிவாக்கினார். பல உலகக் கொள்கையில் 'உலகம் பிரிந்தது' என்றால் இதுதான்: சேதி பரவி, இனி அழிக்க ஆளில்லை என்ற நிலை. வானம் இரண்டாகப் பிளப்பது போன்ற காட்சி எதுவும் இல்லை. பிரிந்தது இந்த நொடியில் என்று கோடு கிழிக்கவும் முடியாது. கிளைகளை, அதாவது இப்படிப் பிரிந்த வரிசைகளை, ஒன்று, இரண்டு என்று எண்ணவும் முடியாது.

இது வெறும் வாதம் அல்ல. வியன்னாவில் 1999இல், 60 கரிம அணுக்கள் சேர்ந்த பந்து வடிவ மூலக்கூறுகளை அனுப்பி வரிகளைக் கண்டார்கள். 2003இல் 70 கரிம அணு கொண்ட மூலக்கூறுகளை வைத்து, வெற்றிடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விட்டார்கள். வாயு கூடக் கூட வரிகள், கணக்கு சொன்ன அளவிலேயே, மங்கின. 2004இல் மூலக்கூறுகளைச் சூடாக்கினார்கள். சூட்டில் அவை தாமே ஒளியை உமிழ்ந்து, தாம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தன. வரிகள் மறைந்தன. யாரும் அந்த ஒளியைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை.

ஆகவே அண்ணன் கேட்ட பஸ்ஸுக்கு வழி இல்லை. அந்தக் கிளைக்குப் போவது என்றால், இங்கே பரவிய ஒவ்வொரு காற்று மூலக்கூற்றின் குறியையும் ஒருசேரத் திருப்ப வேண்டும். 'குவாண்டம் தாவல்' கற்றுத் தருகிறேன், வேண்டிய உலகத்துக்கு மனத்தால் மாறலாம் என்று நூற்றுக்கணக்கில் ரிங்கிட் வாங்குபவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

கோரேங் பிசாங்கில் நடப்பது

இன்னொரு பரவலான தப்பு: நாம் முடிவு எடுக்கும்போது உலகம் பிரிகிறது என்பது. தே தாரிக்கா கோப்பியா என்று யோசிக்கும்போது இரண்டாகப் பிரிவதாகப் படங்களில் காட்டுவார்கள். இயற்கைக்கு நம் யோசனை ஒரு பொருட்டே அல்ல.

வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் உள்ள பொட்டாசியம்-40. நடுத்தரப் பழம் ஒன்றில், வினாடிக்கு 14 அணு என்ற கணக்கில் சிதைகின்றன. மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்தாலும் இந்தக் கணக்கு மாறாது, அணுக்கருவுக்கு அந்தச் சூடு ஒன்றுமே இல்லை. நம் உடம்பிலும் வினாடிக்கு நாலாயிரம் அளவில் நடக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை, மனித இனம் தோன்றியதிலிருந்து இருக்கும் சங்கதி.

இந்த அணு இந்த வினாடியில் சிதையுமா என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியே இல்லை. சமன்பாட்டின்படி 'சிதைந்தது', 'சிதையவில்லை' என்ற இரண்டு நிலையும் சேர்ந்தே இருக்கின்றன. சிதைந்து வெளிவந்த எலக்ட்ரான் பழத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளில் தடம் விட்டுவிடும், சேதி பரவிவிடும். எவரெட் சொல்வது சரி என்றால், கடைக்காரர் உங்கள் கோரேங் பிசாங்கைத் தாளில் சுற்றி முடிப்பதற்குள் எண்ணிலடங்காக் கிளைகள் ஆகியிருக்கும். எல்லாவற்றிலும் நீங்கள் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்குத்தான் போகிறீர்கள்.

அவ்வளவு உலகத்துக்குப் பொருளும் ஆற்றலும் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். போலராய்டு தாளில் ஒளி பிரிந்தபோது புது ஒளி பிறக்கவில்லை, இருந்தது பங்கிடப்பட்டது. கிளைகளுக்கும் 'எடை' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு கிளையின் ஆற்றலையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டினால் பழைய தொகைதான் வரும்.

எடைதான் தலைவலி

இந்த எடையில்தான் கொள்கையின் உண்மையான பலவீனம் இருக்கிறது. ஒரு கண்ணாடி, ஒளியை ஒரு பக்கம் 0.6 வீச்சோடும் (வீச்சு என்றால் அலையின் உயரம்) மறுபக்கம் 0.8 வீச்சோடும் பிரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போர்ன் விதிப்படி வீச்சை அதனாலேயே பெருக்க வேண்டும்: 0.36, 0.64. இவைதான் எடைகள். நூறு ஃபோட்டான் அனுப்பினால் 36 அளவில் இங்கே, 64 அளவில் அங்கே. சோதனையும் அதைத்தான் சொல்கிறது.

ஆனால் இரண்டு விளைவும் நடக்கிறது, இரண்டு கிளையிலும் ஆள் இருக்கிறார் என்றால், 64 விழுக்காடு என்பதற்கு என்ன பொருள்? எது நடக்கும் என்பதில் அல்லவா வாய்ப்பு என்ற பேச்சே வரும்? எல்லாமே நடந்தால் பாதிக்குப் பாதி என்று எண்ணிவிட்டுப் போகலாமே? அப்படி எண்ணினால் சோதனையோடு ஒத்துப்போகாது. டேவிட் டாய்ச் 1999இல், பந்தயம் கட்டுபவர் அறிவோடு நடந்துகொண்டால் போர்ன் எடைப்படிதான் கட்டுவார் என்று நிறுவ முயன்றார். சூரெக் வேறு வழியில் போனார். இந்த நிறுவல்களில் கேட்க வேண்டிய விடை முன்பே மறைவாகப் புகுந்துவிட்டது என்று குறை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் பார்வையில், பல உலகக் கொள்கையை எதிர்ப்பதற்கு உருப்படியான காரணம் இதுதான். 'இவ்வளவு உலகமா, நம்பவே முடியவில்லையே' என்பது காரணம் ஆகாது. வானத்தில் இத்தனை விண்மீனா என்றும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டார்கள்.

நம்பர் கடைக்கு வருவோம். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண். பெரிய ஆட்டத்தில் ஒரு ரிங்கிட் வைத்தால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. அப்புறம் 180 வீதம் பத்து, 60 வீதம் பத்து. எல்லாம் கூட்டினால் 6,400 ரிங்கிட். பத்தாயிரத்தால் வகுத்தால், வைத்த ஒரு ரிங்கிட்டுக்குச் சராசரியாகத் திரும்பி வருவது 64 சென். பந்துகள் உருண்டு மோதும்போது நுண்ணிய வேறுபாடுகள் பெருகுவதால், குவாண்டம் ஊசலாட்டமும் எங்கோ அதில் கலந்திருக்கும் என்று எண்ணலாம். அப்படியே அண்ணனுக்கு 4682 அடித்த கிளை இருந்தாலும், அந்த எண்ணுக்கு முதல் பரிசு விழும் கிளைகளின் மொத்த எடை பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். உலகம் ஒன்றே என்றாலும் 64 சென், கோடி என்றாலும் 64 சென். எவரெட்டை நம்பி ஒரு சீட்டுக்கூடக் கூடுதலாக எடுக்க வேண்டியதில்லை.

தோற்கடிக்க வழி உண்டா?

போட்டிக் கொள்கைகள் உண்டு. டேவிட் போம் 1952இல் கொடுத்த வடிவத்தில் துகளுக்கு எப்போதும் ஒரே பாதைதான், அலை அதை வழிநடத்தும். அதன் கணிப்புகள் வழக்கமான குவாண்டம் கணிப்புகளோடு ஒத்தே வருவதால் சோதனையில் பிரித்துக் காட்டுவது கடினம். நீல்ஸ் போரைப் பின்பற்றும் கோபன்ஹேகன் வழிக்காரர்கள் சமன்பாட்டைக் கணக்குப் போடும் கருவியாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 'எந்தக் கிளை நிஜம்' என்று அவர்களிடம் கேட்டால் கேள்வியே தப்பு என்பார்கள். படிவம் 5இன் கடைசிப் பாடம் குவாண்டம்தான், ஆனால் அது இந்தச் சண்டைக்குள் இறங்குவதில்லை. அந்த வயதுக்கு அது சரிதான்.

மூன்றாவது வகைதான் சோதனைக்கு வசமானது. 1986இல் கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் சமன்பாட்டையே திருத்தினார்கள்: ஒவ்வொரு துகளும் மிக மிக அரிதாகத் தானாகவே ஓர் இடத்தில் ஒடுங்கிவிடும். ஓர் அணுவுக்கு இது நடக்கக் கோடிக்கணக்கான ஆண்டு ஆகும். கோடி கோடி அணுக்கள் சேர்ந்த முள்ளில் ஒன்று ஒடுங்கினாலும் மற்றவற்றை இழுத்துக்கொண்டு ஒடுங்கும், அதனால் முள் எப்போதும் ஒரே இடத்தில் தெரியும். இது உண்மையானால் மற்றக் கிளை நிஜமாகவே அழிகிறது, பல உலகம் இல்லை.

இதற்கு விடை தேட, பொருளைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். 2019இல் வியன்னா குழு ஏறக்குறைய 2,000 அணுக்கள் கொண்ட, ஹைட்ரஜன் அணுவைப்போல் 25,000 மடங்குக்கு மேல் எடையுள்ள மூலக்கூறுகளில் வரிகளைக் காட்டியது. முடியின் ஒரு துணுக்கோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. எடை கூடக் கூட அலைநீளம் சுருங்குகிறது, கருவியின் நடுக்கம், மிச்சக் காற்று, வெப்பம் எல்லாமே எதிரி ஆகின்றன. வரிகள் மங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெற்றிடக் குழாயை, கொள்கையை அல்ல. காற்றையும் சூட்டையும் அதிர்வையும் கணக்கில் கழித்த பிறகும், ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் எத்தனை முறை செய்தாலும் வரிகள் வராமல் போனால், அன்று எவரெட் தோற்றார். இதுவரை வந்த எல்லாச் சோதனையிலும் வரிகள் வந்திருக்கின்றன.